அகமது சாக்கி யமானி

அகமது சாக்கி யமானி (ஜூன் 30, 1930 – பெப்ரவரி 23, 2021) சவூதி அரேபியாவைச் சேர்ந்த சட்ட வல்லுனரும் அரசியல்வாதியும் ஆவார். 1962 முதல் 1986 வரை அந்நாட்டின் பெட்ரோலியம், கனிமவளத்துறை அமைச்சராகப் பணியாற்றினார்.

வாழ்க்கை

மெக்காவில் பிறந்த இவர் கெய்ரோ, நியூயார்க், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் சட்டம் பயின்றார். 1956இல் நாடு திரும்பி வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கினார். 1958இல் பட்டத்து இளவரசர் பைசலின் சட்ட ஆலோசகரானார்.

பங்கேற்பு ஒப்பந்தம்

அக்காலத்தில் சவூதி எண்ணெய் உற்பத்தி, நான்கு அமெரிக்க நிறுவனங்களுக்குச் சொந்தமான அராம்கோவின் வசம் இருந்தது. 1951இல் ஈரான் தன் எண்ணெய்த் துறையை நாட்டுடைமையாக்கியபோது, அதன் எண்ணெய் விற்பனையை மேற்கத்திய நிறுவனங்கள் முடக்கின. உற்பத்தி நாட்டினுடையதாயினும் சந்தை அந்நிறுவனங்களின் கையில் இருந்ததே இதற்குக் காரணம். எனவே பறிமுதலை விட, இழப்பீடு கொடுத்துப் படிப்படியாகப் பங்கு பெறுவதே ஏற்றது என யமானி வாதிட்டார். வளைகுடா நாடுகளின் சார்பில் இவர் பேசி முடித்த 1972ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, சவூதி அரசு 1973இல் அராம்கோவில் 25% பங்கைப் பெற்றது. இப்பங்கு 1974இல் 60% ஆகவும் 1980இல் 100% ஆகவும் உயர்ந்தது. பறிமுதல் இன்றியே உரிமை கைமாறியது.

பிற்காலம்

1975 டிசம்பரில் வியன்னாவில் ஒபெக் அமைச்சர்கள் பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டபோது இவரும் அவர்களுள் ஒருவராக இருந்தார். 1986இல் மன்னர் பகுத் இவரைப் பதவியிலிருந்து நீக்கினார். பின்னர் இலண்டனில் உலக எரிசக்தி ஆய்வு மையத்தை நிறுவினார். அந்நகரிலேயே காலமானார்.