பழைய மாணவர்களைத் தோற்கடித்த மில் தொழிலாளர்கள்

சென்ற முறை நம் சங்கக் கூட்டத்தன்று நடந்த கால்பந்து ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் நம் பழைய மாணவர் அணி. எதிர்ப்பக்கம் ராணிப்பேட்டையில் டேனரி வேலைக்குப் போகும் பையன்கள். இரவு ஷிப்ட் முடிந்து நேராக மைதானத்துக்கு வந்தவர்கள். அதில் மூன்று பேர் வெறுங்காலோடு ஆடினார்கள், ஊருக்கெல்லாம் ஷூ தோல் அனுப்புகிற ராணிப்பேட்டையில்! நாம் 0-3 என்று தோற்றோம். லெப்ட் பேக் ஆடிய அடியேனின் தொப்பைக்கும் அதில் பங்கு உண்டு. "என்ன சார், படிச்சவங்க இப்படித் தோத்துட்டீங்களே" என்று ஒரு பையன் சிரித்தான்.

அந்தக் கிண்டலுக்கு 140 வருடத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது.

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் பிளாக்பர்ன் என்று ஓர் ஊர். நமக்குத் தோல் எப்படியோ அப்படி அவர்களுக்குப் பருத்தி. அங்கே 1878-ல் இரண்டு சின்ன அணிகள் ஒன்று சேர்ந்து ஆரம்பித்ததுதான் 'பிளாக்பர்ன் ஒலிம்பிக்' கால்பந்து மன்றம். கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில் அகழாய்வு நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தச் சேதியால் கவரப்பட்டு, மன்றத்தின் பொருளாளர் வைத்த பெயராம்!

அன்றைக்கு எப்.ஏ. கோப்பை என்றால் கனவான்களின் சொத்து. 1872 முதல் 1882 வரை கோப்பை இங்கிலாந்தின் தென்பகுதியைத் தாண்டவே இல்லை. (1875-ல் ராணுவ இன்ஜினியர்கள் ஜெயித்திருக்கிறார்கள். ஒரு இன்ஜினியராக எனக்கு அதில் அற்ப சந்தோஷம்.) 1881-லும் 1882-லும் ஜெயித்தவர்கள் யார் தெரியுமா? சார்ட்டர்ஹவுஸ் பள்ளியின் பழைய மாணவர் அணி, அடுத்து ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணி. அதாவது நம்மைப் போன்ற சங்கத்தார்!

1883-ல் அரையிறுதியில் சார்ட்டர்ஹவுஸ்காரர்களை ஒலிம்பிக் 4-0 என்று வென்றது. மார்ச் 31 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் இறுதி ஆட்டம், ஈட்டன்காரர்களோடு. ஒலிம்பிக் அணியில் நெசவாளி, நூற்பாலைத் தொழிலாளி, பிளம்பர், இரும்பு வார்ப்படப் பட்டறை ஆட்கள். பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்த ஜாக் ஹன்ட்டர், முன்கூட்டியே அவர்களைக் கடற்கரை ஊரான பிளாக்பூலுக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்திருந்தார். ஆட்டத்துக்கென்று தனியாகப் பயிற்சி எடுப்பதே அப்போது புதுமை. செலவுக்குக் கை கொடுத்தவர் சிட்னி யேட்ஸ் என்ற வார்ப்படப் பட்டறை முதலாளி.

முதல் கோல் ஈட்டனுடையது. பிறகு மேத்யூஸ் சமன் செய்தார். ஈட்டனின் டன் காயப்பட்டு வெளியேற, மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அப்போது கிடையாததால் பத்தே பேர். கூடுதல் நேரத்தில் காஸ்ட்லி என்ற நூற்பாலை இளைஞர் கோல் அடித்தார். 2-1!

தோற்றவர்கள் பக்கம் முணுமுணுப்பும் எழுந்தது. மில் வேலைக்காரனுக்கு இத்தனை நாள் லீவு எப்படிக் கிடைத்தது, யார் காசு கொடுத்தது என்று. லீவு போட்டால் கூலி போய்விடுகிறவனைப் பற்றி, கூலிக்கே போகாதவர்கள் கேட்ட கேள்வி! எனக்கு அது ஜீரணிக்கவில்லை.

1885-ல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரலாம் என்று சட்டம் வந்தது. தொழிலாளிக்கு அது நியாயம்தான். ஆனால் ஒலிம்பிக்கால் பணக்கார மன்றங்களோடு போட்டி போட முடியவில்லை. 1888-ல் 12 அணிகளோடு லீக் தொடங்கியபோது பிளாக்பர்னிலிருந்து இடம் பெற்றது ரோவர்ஸ் மட்டுமே. 1889-ல் ஒலிம்பிக் கலைந்தது. கோப்பை வாங்கி ஆறே வருடம்.

அவர்கள் ஆடிய மைதானம் இருந்த இடத்தில் பிற்பாடு ஒரு கல்லூரி எழுந்தது. அங்கே படித்தவர்களும் பழைய மாணவர் சங்கம் வைத்திருப்பார்களோ என்னவோ.

இந்த வருடமும் டேனரி பையன்களை ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இருந்தால் மாலை நாலு மணிக்கு மேல்தான் வர முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். நாலரைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். பூட்ஸ் மூன்று ஜோடி தேவை. 7, 8, 8 சைஸ். தர விரும்புவோர் வரவேற்பு மேஜையில் பெயர் கொடுக்கவும்.