காடுகோடிக் கல்வெட்டும் சுமேரியக் களிமண் பலகைகளும்: பெயர் மாற்றத்தின் அரசியல்

பெங்களூரு வைட்ஃபீல்டை ஒட்டிய காடுகோடியில் 1043ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. வைட்ஃபீல்ட் குடியிருப்பு தோன்றிய 1882ஆம் ஆண்டுக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் முற்பட்ட அக்கல்வெட்டு, முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது. பெர்மாடி காவுண்டன் மகன் இராசராச வேளான் பட்டந்தூர் ஏரியை மதகுகளுடன் அமைத்ததையும், பிள்ளையார், துர்க்கை, க்ஷேத்திரபாலர் ஆகியோருக்குக் கோயில் எடுத்ததையும் அது பதிவு செய்கிறது.

நீர்ப்பணியையும் கோயிற்பணியையும் சேர்த்தே கூறும் வழக்கம் சுமேரியத்திலும் உண்டு. கி.மு. 2500ஐ ஒட்டி லகாஷை ஆண்ட ஊர்-நான்ஷே, தான் கட்டிய கோயில்களையும் வெட்டிய கால்வாய்களையும் ஒருங்கே பட்டியலிட்டான். தலையில் செங்கற்கூடை சுமக்கும் அவனது புடைப்புச் சிற்பம் இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. நகரமும் நிலமும் தெய்வத்தின் உடைமை; ஆள்பவன் அதன் காரியக்காரன் என்பதே அச்சமூகத்தின் கோட்பாடு.

கோட்பாடும் நடைமுறையும் ஒன்றுதானா? கி.மு. 24ஆம் நூற்றாண்டில் லகாஷை ஆண்ட உருகாகினா, தெய்வங்களின் எருதுகள் ஆட்சியாளனின் வெங்காயத் தோட்டத்தை உழுததாக முந்தைய ஆட்சியைச் சாடினான். ஆட்சியாளர் குடும்பத்து நிலங்களைத் தெய்வங்களுக்கே மீட்டளித்ததாகவும் அறிவித்தான். கிர்சுவில் கிடைத்த கணக்குப் பலகைகள் வேறொன்றையும் காட்டுகின்றன. அரசியின் பொறுப்பில் இருந்த ‘மகளிர் இல்லம்’ என்னும் பண்ணை, ‘பாவு தேவியின் இல்லம்’ எனப் பெயர் மாறியது. ஆயினும் அதனை நிர்வகித்தவள் உருகாகினாவின் மனைவி சாசாவே. இப்பலகைகளைக் கொண்டே, லகாஷின் நிலம் முழுவதும் கோயிலுடையது என்றார் அன்டன் டைமல். தியாகோனோவும் கெல்பும் பின்னர் அதனை மறுத்து, குடும்பங்களுக்கும் தனி நிலம் இருந்ததை நிறுவினர்.

இவ்வெளிச்சத்தில் காடுகோடியின் பெயர்களை மீண்டும் நோக்கலாம். ‘பெர்மாடி’ கங்க மன்னர்களின் ‘பெர்மானடி’ பட்டத்தை நினைவூட்டுகிறது. ‘காவுண்டன்’ கன்னட நிலத்தின் ஊர்த்தலைமைப் பெயர். மகனோ சோழப் பேரரசன் பெயரையும், சோழ அதிகாரிகளிடம் பெருவழக்காயிருந்த ‘வேளான்’ என்னும் பட்டத்தையும் தாங்குகிறான். 1004ஐ ஒட்டிக் கங்கர் ஆட்சி சோழரிடம் வீழ்ந்தது. பட்டங்கள் மாறிய பின்னும் ஊரின் நீரும் நிலமும் பழைய குடும்பத்தின் கையிலேயே தொடர்ந்தன எனக் கொள்ள இப்பெயர்கள் இடந்தருகின்றன.

லகாஷில் தெய்வத்தின் பெயர் அரச குடும்பத்தின் பிடிக்கு ஏற்பளித்தது. காடுகோடியில் பேரரசின் பெயர் ஊர்த்தலைவனின் பிடிக்கு ஏற்பளித்தது. கல்வெட்டைப் படிக்கும் மாணவர், ஆண்ட மன்னன் யார் என்பதோடு, மதகைத் திறக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்றும் கேட்க வேண்டும்.