வேதக்கோயில் பள்ளிக்கூடமும் மணலில் எழுதிய எழுத்தும்

மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டு வந்தபோது, தென்பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். பாதி எழுதியும் விட்டேன். அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து தம்பி மகன் தொலைபேசியில் அழைத்தான்.

"பெரியப்பா, நம்ம வேதக்கோயில் பள்ளிக்கூடத்துல இப்ப பதினாலு பிள்ளையதான் படிக்கி. மூடிட்டு, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிரலாமான்னு பேசுதாவ. பழைய மாணவங்ககிட்ட கருத்து கேக்காவ. நீங்க என்ன சொல்லுதிய?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் டயம் கேட்டேன். அந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்கு என்னதான் கற்றுக்கொடுத்தது என்று யோசித்துப் பார்த்தபோது, கல்வெட்டை விட அதுவே எழுதத் தக்கது என்று பட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கிறிஸ்தவன் அல்லன். எங்கள் குடும்பத்துக்குச் சாஸ்தாதான் குலதெய்வம். ஆனால் 1956இல் நான் முதல் வகுப்பில் சேர்ந்தது திருச்சபை நடத்திய பள்ளியில்தான். திருநெல்வேலிச் சீமையில், செம்மண் தேரிக்காட்டு ஓரம் எங்கள் ஊர். சுற்றிலும் பனை. ஓட்டுக்கூரை போட்ட ஒரே கூடம். ஞாயிற்றுக்கிழமை அது கோயில், திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பெரிய சாரும் ஒரு டீச்சரும். கோயில் மணிதான் பள்ளி மணி.

திண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி

மிஷனரிகள் வருவதற்கு முன் நம் நாட்டில் கல்வியே இல்லை என்று சிலர் எழுதுவார்கள். அது சரியல்ல. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, 1826இல் அவருடைய குறிப்பாக வெளிவந்தது. மாகாணத்தில் 12,498 பள்ளிகள்; அவற்றில் ஏறக்குறைய 1,88,000 மாணவர்கள். இவற்றில் பெரும்பாலானவை நம் திண்ணைப் பள்ளிகள்தாம். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், நிகண்டு என்று மனப்பாடமாகவே ஓடும் படிப்பு. கணக்கில் அந்தப் பிள்ளைகளை அசைக்க முடியாது. ஆனால் அதே கணக்கெடுப்பில் பெண் பிள்ளைகள் 5,000 பேர் கூட இல்லை. பனையேறிகளின் பிள்ளைகளுக்கும் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் திண்ணை எட்டாத உயரத்தில் இருந்தது.

அந்த இடைவெளியில்தான் மிஷன் பள்ளிகள் நுழைந்தன. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவே தமிழ்ப் பள்ளி வைத்தார். பெண் பிள்ளைகளுக்கும் பாடம் தொடங்கினார். தென்கோடியில் இந்த வேலையைப் பரப்பியவர் ரேனியஸ். ஜெர்மானியரான அவர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838இல் அங்கேயே காலமானார். அவர் தமிழில் எழுதிய 'பூமி சாஸ்திரம்' 1832இல் வெளிவந்தது. ஊர் எல்லையைத் தாண்டாத பிள்ளைகளுக்கு, உலகத்தில் கடல்கள் எத்தனை, கண்டங்கள் எத்தனை என்று அவரவர் மொழியிலேயே சொன்ன புத்தகம் அது. திண்ணைப் பாடத்தில் இல்லாத ஒன்று இப்படி நாட்டுப்புறத்துக்கு வந்தது. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல்லை எல்லோருக்கும் தெரியும். அவருடைய மனைவி எலிசா அந்தத் தேரிக்காட்டில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

இவர்களுடைய நோக்கம் என்ன? ஒளிவு மறைவு இல்லை. வேதத்தைப் பிள்ளைகள் தாமே வாசிக்க வேண்டும் என்பதுதான். ஆனால் எழுத்து அப்படி ஒரு புத்தகத்தோடு நிற்கிற பொருள் அல்ல. வேதம் வாசிக்கத் தெரிந்தவனுக்குப் பத்திரமும் வாசிக்கத் தெரியும். வட்டிச் சீட்டும் வாசிக்கத் தெரியும்.

மணல் போய் வந்த பயணம்

முதல் வகுப்பில் எங்களுக்குச் சிலேட்டு கிடையாது. கூடத்தின் மேற்கு மூலையில் ஆற்று மணலைப் பரப்பியிருப்பார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் 'அ' எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்பு அண்ணன் ஒருவன் நம் விரலைப் பிடித்து எழுத வைப்பான். அவனுக்குப் பெயர் சட்டாம்பிள்ளை. மணலும் சட்டாம்பிள்ளையும் திண்ணைப் பள்ளியின் பழைய சொத்து.

இதற்குள் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. 1789இல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தவர், தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனை, ஜான் ஃப்ரிஸ்கன் என்பவனை, சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக்கிவிட்டார். இந்த அனுபவத்தை 1797இல் லண்டனில் அச்சிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவிற்று. 1811இல் அமைந்த தேசியச் சங்கம் அந்நாட்டு ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் இதையே கைக்கொண்டது. நம் மண்ணிலிருந்து போன முறை, பிறகு மிஷன் பள்ளிகள் வழியாக நம் மண்ணுக்கே திரும்பி வந்தது. சீமைக்குப் போய் வந்த மாப்பிள்ளையைப் போலத்தான். ஆள் அதே ஆள், மரியாதை மட்டும் கூடியிருந்தது!

எங்கள் பாடத்திட்டம்

அரசாங்கம் சும்மா பணம் தரவில்லை. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பிறகு மானியம் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், தேர்வில் தேறிய பிள்ளைகளின் கணக்குப்படியே சென்னை மாகாணத்தில் மானியம் அளந்தார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேறினால்தான் காசு. அதனால் சிறு பள்ளிகளிலும் இந்த மூன்றும் கெட்டிப்பட்டன. என் காலத்தில் அந்த விதி இல்லை என்றாலும் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் பெரிய சாருக்கு முந்தின நாளே காய்ச்சல் வந்துவிடும்.

காலையில் ஒரு பாட்டு, ஜெபம். பிறகு வாய்பாடு. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாட்டி கணக்கும் சொல்ல வேண்டும். 1957இல் நயா பைசா வந்ததும் ரூபாய்க்கு நூறு என்ற புதுக் கணக்கும் சொல்ல வேண்டும். அணாவுக்கும் பைசாவுக்கும் நடுவில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிறகு தமிழ் வாசிப்பு, பூகோளம். பெண் பிள்ளைகளுக்குத் தையல். எல்லோருக்கும் தோட்ட வேலை. சாயங்காலம் கூடத்தைக் கூட்டி, மணலைச் சலித்து வைக்க வேண்டும். அதற்கு முறைப் பட்டியல் உண்டு, யாருக்கும் விலக்கு இல்லை. காமராசர் 1956இல் கொண்டுவந்த மதிய உணவும் எங்கள் பள்ளிக்கு வந்தது. ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அடுத்து வேதபாட நேரம். என் அப்பாவுக்கு அதில்தான் பயம். "பையனை மாத்திருவாவளோ" என்று பெரிய சாரிடமே போய்க் கேட்டுவிட்டார். அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவில், அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைச் சமய போதனையில் உட்கார வைக்கக்கூடாது என்று இருக்கிறது. 1950இலிருந்து அதுதான் சட்டம். அப்பாவுக்குச் சாசனம் தெரியாது. பெரிய சாருக்குத் தெரிந்திருந்தது. "உங்க பையன் அந்த நேரம் வேப்பமரத்தடியில கணக்குப் போடட்டும் ஐயா" என்றார். அப்படியே நடந்தது. ஆனால் யோசேப்பை அண்ணன்மார் குழியில் தள்ளிய கதையை டீச்சர் சொல்லும்போது நான் கணக்கை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவேன். விரட்டியதும் இல்லை, உள்ளே கூப்பிட்டதும் இல்லை.

யார் விரலை யார் பிடிப்பது

ஒழுக்கப் பாடம் அந்த வேதபாட நேரத்தில் நடந்தது என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அது நடந்த இடம் மணல் மூலை.

நான் முதல் வகுப்பில் இருந்தபோது சட்டாம்பிள்ளையாக இருந்தவன் தெற்குத் தெருப் பையன். எங்கள் தெருவுக்குள் அவன் அப்பா செருப்புப் போட்டு நடக்க முடியாத காலம். வாசிப்பில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அதனால் அவன் சட்டாம்பிள்ளை. என் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தவன் அவன்தான். விரலைப் பிடிக்காமல் மணலில் எழுதச் சொல்லித்தர முடியாது அல்லவா? சேதி எங்கள் தெருவுக்குள் வந்தது. இரண்டு பெரியவர்கள் பள்ளிக்குப் போய், "வேற பையனைப் போடும்" என்றார்கள். பெரிய சார் அதிகம் பேசவில்லை. "நல்லா வாசிக்கிறவன் சட்டாம்பிள்ளை. உங்க பேரன் அவனை விட நல்லா வாசிச்சா நாளைக்கே மாத்திருதேன்." அவ்வளவுதான். ஒரு மாதம் நான்கு பிள்ளைகள் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள்.

இந்தத் துணிவு திருச்சபையில் எல்லா இடத்திலும், எல்லாக் காலத்திலும் இருந்தது என்று சொன்னால் வரலாறு சிரிக்கும். ரேனியஸ் தம் செமினாரியில் எல்லாச் சாதி மாணவர்களும் ஒன்றாக இருந்து உண்ண வேண்டும் என்றபோது சிலர் வெளியேறினார்கள். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரில் பெரும் பிளவே உண்டாயிற்று. 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரே அந்தக் கட்டளையை எதிர்த்து நின்றார். எங்கள் ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தெற்குத் தெருக்காரர்கள் பின்வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை செய்ய முடியாததைத் திங்கட்கிழமை மணல் மூலை செய்தது. சட்டம் போட்டோ பிரசங்கம் செய்தோ அல்ல. படிப்புச் சொல்லித்தரும் முறையே அப்படி அமைந்திருந்தது, அதை வளைக்காத ஒரு வாத்தியாரும் இருந்தார்.

ஆச்சி வாசித்த கார்டு

என் ஆச்சியும் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். பூப்பெய்தும் முன்பே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த மூன்று வருஷப் படிப்பு எழுபது வயது வரை உழைத்தது. கொழும்பிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வரும் தபால் கார்டுகளைத் தெருவில் பாதிப் பெண்கள் எங்கள் திண்ணைக்குத்தான் கொண்டுவருவார்கள். தாராவியில் தோல் கிட்டங்கியில் வேலை பார்த்த புருஷன் என்ன எழுதியிருக்கிறான், பணம் எப்போது வரும், எல்லாம் ஆச்சி வாய் வழியாகத்தான். சில வரிகளை அவள் சத்தமாக வாசிக்காமல், அந்தப் பெண்ணின் காதில் மட்டும் சொல்வாள். 1971இல் நான் பம்பாய்க்கு ரயிலேறியபோது ஆச்சி சொன்னது ஒன்றே ஒன்று: "தமிழ்ல எழுது ஏல. இங்கிலீசுல எழுதுனா நான் வேற ஆளுகிட்ட போய் நிக்கணும்."

இனி பதில்

மூடக்கூடாது என்று மும்பையில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். அந்தப் பள்ளியைக் காலி செய்தவர்களில் நானும் ஒருவன். என் பிள்ளைகளை இங்கே ஆங்கிலப் பள்ளியில் போட்டேன். தம்பி மகனின் பிள்ளைகள் வேனில் டவுனுக்குப் போகிறார்கள். அதனால் அவனை அழைத்து முதலில் ஒரு கேள்வி கேட்டேன்: "அந்தப் பதினாலு பேர் யாரு?"

"தெற்குத் தெருப் பிள்ளைய ஒம்பது, பெரியப்பா. மிச்சம் அஞ்சும் கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரப் பிள்ளைய. காலைல சாப்பாடும் அங்கேயே கிடைக்கி." கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் விரிவானதால் வந்த வசதி அது.

"அந்த ஒடிசாப் பிள்ளையளுக்குத் தமிழ் யாரு சொல்லிக்கொடுக்கா?"

"டீச்சர்தான். அஞ்சாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு கையைப் பிடிச்சு எழுத வைக்கும். இப்ப சிலேட்டுதான், மணல் இல்ல."

என் பதில் அப்போதே கிடைத்துவிட்டது. ஊர்விட்டு ஊர் வந்தவன் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தருகிற பள்ளியை, ஊர்விட்டு ஊர் வந்த நான் எப்படி மூடச் சொல்வேன்? "பதினாலு பேரும் நடந்து போற தூரத்துல வேற நல்ல பள்ளிக்கூடம் இருக்கான்னு பாரு. இல்லேன்னா மூட வேண்டாம்னு என் பேரைப் போட்டு எழுது. ஓடு மாத்தப் பணம் வேணும்னா நான் தாரேன்" என்றேன்.

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் குறைப்படுகிறோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் நம் பிள்ளைகளில் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களைச் சட்டாம்பிள்ளை ஆக்குங்கள். சின்னப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுத வைக்கட்டும். யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், எந்தக் கோயில் என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.