ஊவாவின் அரிசி

வெல்லஸ்ஸ என்ற பெயருக்கு 'நூறாயிரம் வயல்' என்று பொருள் சொல்வார்கள். 1817-18 கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலப் படை அந்த வயல்களையும் குளங்களையும் அழித்தது, மாடுகளைக்கூட விட்டுவைக்கவில்லை. பிறகு பதுளை மலைகளில் கோப்பி வந்தது. இலைநோயில் அது அழிந்தபின் தேயிலை. அங்கே உழைக்க வந்த தமிழருக்கோ அரிசி கப்பலில் வந்தது. தோட்டமே அளந்து கொடுத்து, சம்பளத்தில் கழித்துக்கொண்டது.

1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அந்நாட்டு அரிசி நின்றது. 1973-74 அதைவிடக் கொடியது. பங்கீடு குறைந்தது; மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகவும் கட்டுப்பாடு. பணிய நெல் விளையும் ஊர்கள் இருந்தும் லயங்களில் பட்டினிச் சாவு. உலகச் சந்தையில் விலையேற்றம் என்று காரணம் சொன்னார்கள், பொய்யுமல்ல. ஆனால் தேயிலைப் பெட்டிகள் கப்பலேறுவது மட்டும் நிற்கவில்லை.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது. சேதனப் பசளை நல்லதுதான், ஒரு பருவத்தில் மண் மாறாது என்பதையும் யாராவது சொல்லியிருக்கலாம். சுமார் 30 கோடி கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி அளவுக்கு இறங்கியது. அரிசி விலையோ ஏறியது. தடைபற்றி அந்தக் கொழுந்துக்காரியிடம் யாரும் கேட்கவில்லை. கூடையைத் தராசில் வைத்தபோதுதான் அவளுக்கு அது தெரிந்தது.