கயல் பொறித்த கோட்டையும் கடல்வழி வந்த குதிரைகளும்

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டை வாயிலின் கற்களில் செதுக்கப்பட்டுள்ள இணைக் கயல்கள், 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் படை இத்துறைமுகத்தை எட்டியதன் அடையாளமாகக் கருதப்படுகின்றன. கோணமலையில் கயல் பொறித்ததைச் சடையவர்மன் வீரபாண்டியனின் குடுமியான்மலைக் கல்வெட்டு குறிப்பிடுவதும், 1624இல் கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பியதும் இக்கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன. அப்படையை அனுப்பிய பாண்டிய அரசு, தனக்கு வேண்டிய குதிரைகளைப் பெரும்பாலும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் அரேபியக் கரையிலிருந்தும் கப்பல்வழி பெற்று வந்தது. குதிரையின் கால்மூட்டு தேய்ந்தபோது அதற்கு மருத்துவம் தேடப்பட்டதா, புதிய குதிரை தேடப்பட்டதா என்னும் வினாவுக்கு இவ்வணிகத்தின் கணக்கிலேயே விடை கிடைக்கிறது.

இலங்கைக் கரையிலும் குதிரை, கடலிலிருந்து வந்திறங்கும் விலையுயர்ந்த சரக்காகவே மதிக்கப்பட்டது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) நயினாதீவில் பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டு, யானைகளையும் குதிரைகளையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் சரக்கில் நான்கில் ஒரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும் என்றும், பிற வணிகக் கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி என்றும் விதிக்கிறது. குதிரை வணிகர் இத்தீவை விட்டு விலகிவிடக் கூடாது என்பதற்காகவே அரசு தன் பங்கைக் குறைத்துக்கொண்டது எனக் கொள்ளலாம்.

மாறவர்மன் குலசேகரபாண்டியன் காலத்தில் இவ்வணிகம் உச்சத்தை எட்டியது. பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவைச் சேர்ந்த வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்ததாகவும், ஒரு குதிரைக்கு 220 பொற்காசுகள் விலை பேசப்பட்டதாகவும், வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியக் கருவூலமே விலை கொடுத்ததாகவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். வந்திறங்கிய குதிரைகள் முளையில் கட்டப்பட்டு, பாலும் நெய்யும் கலந்த தீனியால் நடையின்றிக் கொழுக்க வைக்கப்பட்டு, பிறகு எவ்விதப் பழக்கமுமின்றிக் கடுமையாக ஓட்டப்பட்டதால், மிக வலிய குதிரையும் விரைவில் பயனற்றுப் போயிற்று என்பதும் அவர் குறிப்பாகும். மார்க்கோ போலோவோ, ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கப்பட்டும் ஆண்டின் இறுதியில் 100கூட மிஞ்சுவதில்லை என்றும், இங்கு ஈன்ற குட்டிகள் கோணற்கால்களுடன் பிறந்தன என்றும், விற்பனை குறையாதிருக்கும் பொருட்டுக் குதிரை மருத்துவர் எவரும் இக்கரைக்கு வராதபடி வணிகரே தடுத்தனர் என்றும் கூறுகிறார். இவ்வெண்களில் மிகை கலந்திருக்கலாம். எனினும் தனித்தனியே எழுதிய இருவரும் ஒரே பராமரிப்புக் குறையைச் சுட்டுவது கவனிக்கத்தக்கது.

அக்குறை குதிரையின் மூட்டைத் தேய்க்கும் விதத்தை இன்றைய கால்நடை மருத்துவம் விளக்குகிறது. குதிரையின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. மூட்டெலும்புகளின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய்கள் இல்லாததால், அது ஒருமுறை சிதைந்தால் எளிதில் ஆறுவதில்லை. மூட்டை வழுவழுப்பாக வைத்திருக்கும் மூட்டுநீரும் அழற்சியால் நீர்த்துப்போகிறது. உடல் பருமனும், இயக்கமற்ற நெடுநாட்களும், அவற்றைத் தொடர்ந்த திடீர் ஓட்டமும் சேரும்போது இத்தேய்வு விரைவுபடுகிறது.

குதிரை மருத்துவ அறிவே இந்நிலத்தில் இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. சாலிஹோத்திரர், நகுலன் ஆகியோரின் பெயரால் வழங்கும் வடமொழி அசுவ நூல்கள் அரண்மனைகளில் போற்றப்பட்டன. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் நகுலனின் அசுவசாஸ்திரத்தை ஓவியங்களுடன் அச்சிட்டும் உள்ளது. நொண்டும் காலுக்கு மருந்தெண்ணெய் தேய்ப்பதும், காய்ச்சிய இரும்பால் சூடு வைப்பதும் இந்தியா, அரேபியா, ஐரோப்பா ஆகிய மூன்றிடங்களிலும் நீண்ட காலம் நிலவிய முறைகளாகும். சூட்டுப்புண் ஆறும்வரை குதிரைக்குக் கிடைத்த ஓய்வே பெரும்பாலும் நலம் தந்திருக்க வேண்டும். ஆயினும் புகழ் இரும்புக்கே சென்றது.

மூட்டுத் தேய்வுக்கான ஊசிவழி மருத்துவம் 20ஆம் நூற்றாண்டில் பிறந்தது. கார்ட்டிசோன் ஆய்வுக்காகக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு வழங்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே, அவ்வகை ஸ்டீராய்டு மருந்துகள் குதிரைகளின் மூட்டுக்குள் நேரடியாகச் செலுத்தப்பட்டன. அழற்சியும் வலியும் விரைவில் தணிந்ததால் பந்தயக் குதிரைகள் மீண்டும் ஓடின. வலியை உணராத மூட்டு ஓட்டத்தில் மேலும் தேய்ந்தது. மூட்டுநீருக்குக் கொழகொழப்பைத் தரும் ஹயலுரானிக் அமிலத்தை 1934இல் மாட்டுக் கண்ணிலிருந்து கார்ல் மேயரும் ஜான் பால்மரும் பிரித்தெடுத்திருந்தனர். அது 1970ஆம் ஆண்டையொட்டிப் பந்தயக் குதிரைகளின் மூட்டுகளில் பயன்படுத்தப்பட்டது. குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளைக் கட்டுப்படுத்தும் பாலிசல்பேட்டட் கிளைகோசமினோகிளைக்கான் என்னும் மருந்து 1980களில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதனைத் தசையில் 500 மில்லிகிராம் அளவில் 4 நாட்களுக்கு ஒருமுறை 28 நாட்களுக்குச் செலுத்துவர். இவற்றுள் எதுவும் முற்றிலும் தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்பத் தருவதில்லை.

ஆகவே இம்மருந்துகளின் வரலாற்றில் இரு நோக்கங்கள் பிரித்தறியத்தக்கவை. எஞ்சியிருக்கும் ஓட்டத்தைக் கறந்துவிடுவது ஒன்று. மூட்டின் ஆயுளை நீட்டிப்பது மற்றொன்று. வலியை மட்டும் மறைத்துக் குதிரையை உடனே களத்தில் இறக்குவோரின் கணக்கு, இறந்த குதிரைக்கும் விலை கொடுத்து அடுத்த கப்பலை எதிர்நோக்கிய பாண்டியக் கருவூலத்தின் கணக்கிலிருந்து வேறுபட்டதன்று. பந்தயத்துக்கு முந்தைய குறிப்பிட்ட நாட்களில் மூட்டு ஊசியைத் தடுக்கும் இக்கால விதிகள், அக்கணக்கை மருந்தால் மட்டும் மாற்ற இயலாது என்பதை ஒப்புக்கொண்டே வகுக்கப்பட்டுள்ளன.