மைய நரம்புத் தொகுதி வைரசுத் தொற்றுகள்: ஆய்வுகூடப் பரிசோதனை (இலங்கை)

காய்ச்சலோடு வலிப்பு, கழுத்து விறைப்பு, நினைவு மயக்கம் கண்ட ஒருவரின் மூளையிலோ மூளையுறையிலோ முண்ணாணிலோ எந்த வைரசு புகுந்திருக்கிறது என்று கண்டறியும் சோதனைகள் இதில் அடங்கும். கல்கிசை, தெஹிவளைப் பக்கத்து நோயாளர் பலர் முதலில் சேர்வது களுபோவிலவிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையில். வைரசை இனங்காணும் சிறப்புச் சோதனைகளுக்கு நாட்டின் மையம், 1900 இல் பற்றீரியவியல் நிலையமாகத் தொடங்கி இன்று பொரளையில் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம்.

எந்த மாதிரி, நோயின் எத்தனையாவது நாள் எடுத்தது என்ற இரண்டும் தெரியாமல் எந்த முடிவுக்கும் பொருள் சொல்ல முடியாது. படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய திகதியை எழுதாமல் விடுவது, மாதிரியைப் பாதி வீணாக்குவதற்குச் சமம்.

முதன்மையான மாதிரி மூளைய முண்ணாண் பாய்பொருள். ‘முதுகில தண்ணி எடுக்கிறது’ என்றதும் பிள்ளைக்குக் கால் வழங்காமல் போய்விடுமோ என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. வளர்ந்தவர்களில் முண்ணாண் முதலாம், இரண்டாம் நாரி முள்ளெலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடும். ஊசி செல்வது அதற்கும் கீழே. குழந்தைகளில் முண்ணாண் சற்றுத் தாழ்வாக முடிவதால் ஊசியின் இடமும் அதற்கேற்ப இறக்கப்படும். மூளையில் அழுத்தம் மிகுந்திருந்தாலோ இரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலோ மருத்துவர்களே இதைத் தள்ளிவைப்பார்கள். மற்றபடி பயத்தால் மறுப்பது பிள்ளைக்கே கேடு.

பாய்பொருளிலுள்ள கலங்கள் விரைவில் அழிவதால் அவற்றை ஒரு மணித்தியாலத்துக்குள் எண்ண வேண்டும். வளர்ந்தவருக்கு ஒரு கன மில்லிமீற்றரில் ஐந்து வெண்கலங்கள் வரை இயல்பு. வைரசுத் தொற்றில் இது பத்துகளாக, நூறுகளாக உயரும், பெரும்பாலும் நிணநீர்க்குழியங்கள். புரதம் சற்றுக் கூடும், குளுக்கோசு பொதுவாகக் குறையாது. குளுக்கோசு வெகுவாகக் குறைந்தால் பற்றீரியா அல்லது காசநோய் பக்கம் ஐயம் திரும்பும்.

ஹேர்பீஸ் சிம்பிளெக்ஸ் மூளையழற்சிக்கு முன்பு மூளைத் திசுவையே வெட்டியெடுத்துப் பார்த்தார்கள். 1990களில் வந்த, பாய்பொருளில் வைரசின் மரபணுவைத் தேடும் பீ.சீ.ஆர். சோதனை அந்தக் கொடுமையை முடித்தது. ஆனாலும் முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்த மாதிரி பொய்யாக ‘இல்லை’ சொல்லக்கூடும். ஐயம் நீங்காவிட்டால் சில நாட்களில் மீண்டும் எடுக்க வேண்டும். சிகிச்சையின்றி விட்டால் பத்தில் ஏழு பேர் இறக்கும் நோய் இது. அதனால் முடிவுக்குக் காத்திராமல் அசைக்குளோவிர் என்ற வைரசு எதிர்மருந்தை ஏற்றத் தொடங்குவதே முறை.

நுளம்பு பரப்பும் யப்பானிய மூளையழற்சியில் நிலைமை வேறு. இலங்கையில் இந்நோய் 1985–86 இல் அனுராதபுரத்தில் 385 பேரைத் தாக்கி 64 உயிர்களைக் கொண்டுபோனது. 1987–88 இல் 760 பேர், 138 மரணங்கள். புதிய நீர்ப்பாசன வயல்களும் அருகில் வளர்த்த பன்றிகளும் வைரசுக்கு வழி திறந்தன. தடுப்பூசித் திட்டம் 1988 இல் தொடங்கியது. நோயாளி வைத்தியசாலைக்கு வரும்போது வைரசு இரத்தத்திலிருந்து அநேகமாக மறைந்திருக்கும், ஆகவே பீ.சீ.ஆர். இங்கு அதிகம் உதவாது. எலைசா முறையில் பாய்பொருளிலும் இரத்தத்திலும் ஐஜிஎம் பிறபொருளெதிரி தேடப்படுகிறது. முதல் நாட்களில் அது தென்படாமல் இருக்கலாம். பத்தாம் நாளளவில் மறுமாதிரி தேவை. கொழும்பில் இன்னொரு சிக்கல் டெங்கு. இரண்டும் ஒரே குடும்ப வைரசுகள் என்பதால் ஒன்றின் பிறபொருளெதிரி மற்றதன் சோதனையிலும் தோன்றும். இரண்டுக்கும் சேர்த்துச் சோதித்து ஒப்பிட்டால்தான் தெளிவு வரும். அண்மையில் போட்ட தடுப்பூசியும் இரத்த முடிவைக் குழப்பலாம். பாய்பொருளில் காணும் ஐஜிஎம்முக்கு ஆகவே மதிப்பு அதிகம்.

எல்லாவற்றுக்கும் பாய்பொருளே விடை தராது. இலங்கையில் 1993க்குப் பின் இளம்பிள்ளைவாதம் இல்லை. இருந்தும் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரெனக் கை கால் தளர்ந்தால், 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணித்தியால இடைவெளியில் இரண்டு மலமாதிரிகள் குளிரூட்டி அனுப்பப்படுகின்றன.

விசர்நாய்க்கடி நோயில் உயிருள்ள நோயாளியிடம் உமிழ்நீரும் மயிர்க்கால்களோடு கூடிய பிடரித் தோலும் எடுப்பார்கள். உறுதியான சான்று இறந்த பின் மூளைத் திசுவில், ஒளிரும் பிறபொருளெதிரிச் சோதனையில்தான் கிடைக்கும். கடித்த நாய் இறந்தால் அதன் தலையைக் கசியாதபடி பொதிந்து, ஐஸ் சூழ்ந்த பெட்டியில் பொரளைக்கு அனுப்பலாம். போமலின் ஊற்றினால் அந்தச் சோதனை கெடும். கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாயின் சோதனை முடிவு வரும்வரை தடுப்பூசி காத்திருக்கக் கூடாது.