கோட்டை வாயிலும் நெடுஞ்சாலையும்

திண்டிவனத்திலிருந்து வல்லம் வட்டாரத்தின் வழியே மேற்கே செல்லும் பெருவழி, செஞ்சியை அடைந்து, பழைய கோட்டை மதிலைக் கடந்து திருவண்ணாமலை நோக்கிப் போகிறது. இவ்வழியே மாணவர்களை அழைத்துச் சென்று கோட்டையைப் பன்முறை காட்டியிருக்கிறேன்.

கோட்டை வாயிலில் நின்று அவர்களை நான் கேட்கும் வினா ஒன்று உண்டு: “உள்ளே போகும் வழி ஏன் நேராக இல்லை?” அழகுக்காக என்பான் ஒருவன், இடமின்மையால் என்பான் மற்றொருவன். நேர்வழியில் யானையும் குதிரையும் விசையோடு வந்து கதவை மோதும். திருப்பத்தில் அவ்விசை அடங்கிவிடும். இராசகிரி உச்சிக்கருகே ஏறத்தாழ 24 அடி அகலமுள்ள பிளவு ஒன்று இருக்கிறது. அதன்மேல் இட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே செல்ல வழியில்லை. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையின் முன் காத்துக் கிடந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு; வழியின் அமைப்பும் அவற்றுள் ஒன்று. வழியின் வடிவே வருபவனின் வேகத்தை ஆளும் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

நம் சாலைகள் பல மாட்டு வண்டித் தடங்களாகப் பிறந்தவை. அவற்றின்மேல் கப்பியிட்டோம், தாரிட்டோம், அகலப்படுத்தினோம். 1934-இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் தோன்றியபின் வளைவுக்கும் பார்வைத் தொலைவுக்கும் அளவுகள் வகுக்கப்பெற்றன. வேகம் இருமடங்கானால், தடையை அழுத்தியபின் வண்டி ஓடி நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும். வளைவில் வெளியே தள்ளும் விசையும் அவ்வாறே. அதனால்தான் வளைவின் வெளியோரத்தைச் சற்று உயர்த்திக் கட்டுவர். நெடுந்தூரம் நேரே ஓடிப் பழகியவன்முன் திடீரெனத் தோன்றும் வளைவே கொடியது.

2016-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 17,218 பேர். ஓட்டுநரின் பிழை என்று எழுதி முடித்துவிடுவது எளிது. ஆனால் ஓரிடத்திலேயே விபத்துகள் மீண்டும் மீண்டும் நிகழுமாயின், வருவோர் அனைவரும் அங்கு மட்டும் அறிவிழந்தனரா? மனிதன் தவறுவான், அத்தவறு உயிரைக் கொள்ளாதபடி சாலையை அமைக்க வேண்டும் என்று சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் 1997-இல் கொள்கை வகுத்தது. அந்நாட்டார் எதிரெதிர்த் தடங்களுக்கிடையே கம்பிவடத் தடுப்புகளை நிறுவினர். நேருக்கு நேர் மோதி இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது.

என் மாணவன் ஒருவன், ஒன்பதாம் வகுப்பினன், சந்திலிருந்து மிதிவண்டியில் நெடுஞ்சாலை ஏறுகையில் லாரி மோதி மாண்டான். மறுநாள் இறைவணக்கக் கூட்டத்தில், “கவனக்குறைவே காரணம்” என்று நான் பேசினேன். சில வாரங்கள் கழித்து அதே சந்தில் மிதிவண்டி ஏறி வந்து பார்த்தேன். ஓரத்து மதிலொன்று, முன்சக்கரம் தார்ச்சாலையைத் தொடும்வரை, வலப்பக்கத்தை முற்றும் மறைத்தது. கூட்டத்தில் என் சொல்லைத் திருத்திக் கொண்டேன். அன்று மாலை அவன் தந்தையிடமும் சென்று சொன்னேன்.